கண் தானாகப் போகவில்லை

'இருட்டில் பயன்படாததால் கண் தானாக மறைந்துவிட்டது' என்று மெக்சிகோவின் குருட்டுக் குகை மீனைப் பற்றிய ஒரு கட்டுரையில் ஒரு வரி வருகிறது. எனக்கு இடிக்கும் இடம் அதுதான். மெக்சிகோ குகை மீனின் கருவில் கண் ஒழுங்காகத்தான் உருவாகத் தொடங்குகிறது. ஓரிரு நாளில் விழிவில்லையின் செல்கள் சாக ஆரம்பிக்க, மற்ற பாகங்களும் பின்னாலேயே சுருங்கிவிடுகின்றன. 2000-இல் யமமோட்டோ, ஜெஃப்ரி என்ற ஆய்வாளர்கள் ஆற்றில் வாழும் அதே இன மீனின் வில்லையை எடுத்து, குகை மீன் கருவின் ஒரு பக்கத்தில் வைத்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் கண் வளர்ந்தது!

2008-இல் பொரோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் செய்தது இன்னும் வேடிக்கை. வெவ்வேறு குகைகளின் குருட்டு மீன்களை இணைசேர்த்தார். குஞ்சுகளில் சிலவற்றுக்குப் பார்வை இருந்தது. பழுதான மரபணுக்களில் சில குகைக்குக் குகை வேறு. ஒன்றில் கெட்டதை மற்றது ஈடுகட்டிவிட்டது. தாத்தா பாட்டி காலத்திலேயே வெளிச்சம் பார்க்காத பரம்பரை, பாருங்கள்.

கலர் மீன் கடையில் இந்த மீனைப் பார்த்திருக்கிறேன். வெளிர் ரோஜா நிறம், கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தோல். கண்ணாடிக்கு ஒரு விரற்கடை முன்பே திரும்பிவிடும். நீரின் அசைவை உடம்பின் பக்கவாட்டிலும் தலையிலும் உள்ள உணர்வுறுப்புகள் சொல்லிவிடுகின்றன. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே?