"நான் உர்ஹோபோ இல்லை, ஓகா"

நைஜீரியாவில், வாரியிலிருந்து உகெல்லி போகிற சாலையில் ஒருநாள் காலை, பேச்சுவாக்கில் "உங்க உர்ஹோபோ ஆளுங்க கல்யாணத்துல..." என்று ஆரம்பித்தேன். முன் சீட்டில் இருந்த எங்கள் ஸ்டோர் கீப்பர் உடம்போடு திரும்பினார். அறுபதை நெருங்கும் மனிதர். அதுவரை என்னிடம் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை.

"ஓகா, நான் உர்ஹோபோ இல்லை. இசோகோ."

உகெல்லி வரும்வரை அப்புறம் வாயைத் திறக்கவில்லை. ஓகா என்றால் அந்த ஊர் பிட்ஜின் இங்கிலீஷில் (பல மொழிக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கலப்பு இங்கிலீஷ்) சார், முதலாளி, மேலதிகாரி எல்லாம்தான். ஆனால் அன்றைக்கு அந்த ஓகாவில் மரியாதை கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது.

நைஜீரியாவில் டெல்டா மாநிலத்தில் மூன்று வருடம் குப்பை கொட்டியவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன். நான் மொழியியல் படித்தவன் இல்லை. போன வாரம் ஒரு நண்பர் "இசோகோவா? அது உர்ஹோபோவோட வட்டார வழக்குதானே, எங்கேயோ படிச்சேன்" என்றார். அந்தக் கார் திரும்ப நினைவுக்கு வந்தது. பதிலை கமெண்டில் அடக்க முடியவில்லை.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நைஜர் ஆறு கடலில் கலக்கும் முன் விரல் விரலாகப் பிரிகிறதே, அந்தக் கழிமுகத்தின் மேற்குப் பக்கம் இசோகோக்காரர்கள் ஊர். இசோகோ வடக்கு, இசோகோ தெற்கு என்று இரண்டு உள்ளாட்சிப் பகுதிகள். ஒன்றுக்கு ஓசோரோ தலைமையிடம், இன்னொன்றுக்கு ஓலே. 2006 கணக்கெடுப்பில் இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ மூணே முக்கால் லட்சம் பேர். ஐந்நூறுக்கு மேல் மொழிகள் உள்ள நாட்டில் இது கடுகு. ஹவுசா, யொரூபா, இக்போ என்ற மூன்றுதான் அங்கே 'பெரிய' மொழிகள். 'வா' என்பதற்கு யொரூபாவில் 'வா' (ஆமாம், நம்ம வாவேதான்), ஹவுசாவில் 'சோ', இக்போவில் 'பியா'. மூன்றையும் ஒட்டி 'வாசோபியா' என்று தேசிய ஒற்றுமைக்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இசோகோக்காரனை வா என்று கூப்பிட அந்தச் சொல்லில் இடமில்லை.

இசோகோவும் உர்ஹோபோவும் அக்கா தங்கை மொழிகள், அதில் எனக்குத் தகராறே இல்லை. பெனின் நகரத்து எடோ மொழியும் அதே குடும்பம். கடவுளுக்கு இரண்டிலும் ஓகெனே. செல்வத்துக்கு இரண்டிலும் எஃபே. ஆட்களின் பெயரை மட்டும் வைத்து யார் எந்தப் பக்கம் என்று வெளியாள் சொல்லிவிட முடியாது. நான் சொல்லப்போய்த்தானே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் 'வட்டார வழக்கு' என்ற முத்திரை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வெள்ளைக்காரன் கோப்பில் இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்து 'சோபோ' என்று ஒரே பெயர். அவனுக்கு வரி வாங்க வேண்டும், கோர்ட் வைக்க வேண்டும். அத்தனை ஊருக்கும் தனித்தனிப் பெயர் எழுத யாருக்குப் பொறுமை? 1938இல் உர்ஹோபோக்கள் போராடி சோபோவை எடுத்துவிட்டு 'உர்ஹோபோ' என்று அதிகாரபூர்வமாக மாற்ற வைத்தார்கள். நியாயமான வெற்றி. இசோகோக்காரர்களுக்கோ ஒரு தவறான பெயர் போய் இன்னொரு தவறான பெயர் வந்தது. ஒருவர் சட்டையைக் கழற்றி இன்னொருவர் சட்டையை மாட்டிவிட்ட மாதிரி.

என் கட்சி இதுதான்: ஒரு பேச்சு மொழியா, வழக்கா என்பதை இலக்கணத்தை வைத்து யாரும் முடிவு செய்ததில்லை. யார் கையில் கோப்பு இருந்ததோ அவர் முடிவு செய்தார். உலக மொழிகளுக்கு மூன்றெழுத்துக் குறியீடு தரும் சர்வதேசத் தரம் ஒன்று இருக்கிறது. அதன் பெயரே ஐஎஸ்ஓ. அதில் இசோகோவுக்குக் கிடைத்த குறியீடு எது தெரியுமா? ஐ, எஸ், ஓ. தரத்தின் பெயரே இவர்கள் மொழியின் பெயர். இதை ஸ்டோர் கீப்பரிடம் சொன்னபோது, அந்தக் கார் சம்பவத்துக்குப் பிறகு முதன்முறையாக மனம்விட்டுச் சிரித்தார்.

இன்னொரு விஷயம், அவருடைய அம்மா உர்ஹோபோ. ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஆக அவர் கோபத்தில் பகை இல்லை. அம்மா வீட்டு மொழியும் தெரிந்தவன்தான் இரண்டும் ஒன்றில்லை என்று அடித்துச் சொல்ல முடியும்.

மாநிலக் கணக்கும் அப்படித்தான். அவர் பிறந்தபோது அவர் ஊர் மேற்கு மண்டலத்தில் இருந்தது. 1963இல் மத்திய மேற்கு மண்டலம் ஆனது. 1976இல் பெண்டெல். 1991இல் டெல்டா. ஊர் நகரவில்லை, வீடு நகரவில்லை. விலாசம் மட்டும் நாலு. ஓபாரோ இக்கிமே என்று இபாதான் பல்கலைக்கழகத்தில் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் இருந்தார், இசோகோக்காரர். 1972இல் தன் மக்களுக்கென்று ஒரு வரலாற்று நூல் எழுதினார். வாரி மாகாணத்தில் 1927-28இல் நடந்த வரி எதிர்ப்புக் கலகங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். 'ஓபாரோ' என்றால் இசோகோவில் 'முன்னால்'. முன்னால் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்கப் பின்னால் பார்த்த மனிதர்.

சரி, மொழிக்கு வருவோம். நான் அசந்த இடம் இது.

இசோகோவில் 'உது' மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று நெஞ்சு. இன்னொன்று தோட்டம், அதாவது விவசாயம் பண்ணும் கொல்லை. தோட்டத்தைச் சொல்லும்போது நாக்கு பல்லைத் தொட வேண்டும், நம்ம 'த' மாதிரி. நெஞ்சைச் சொல்லும்போது நாக்கு நுனி பல்லுக்கு மேலே ஈறில் தட்ட வேண்டும். நம்ம 'ட' அளவுக்கு உள்ளே மடங்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம். பீட்டர் லடெஃபோகெட் என்ற பேர்பெற்ற ஒலியியல் அறிஞர், உலகத்தில் இந்த இரண்டையும் பிரித்துப் பேசும் மொழிகளுக்கு உதாரணம் காட்டும்போது இசோகோவை எடுத்திருக்கிறார். அந்த நடு இடம் நமக்கும் சொந்தம்தான். 'காற்று', 'நேற்று' என்பதை யாழ்ப்பாணத்தார் சொல்லிக் கேட்டால் தெரியும். தமிழ்நாட்டில் நாம் 'காத்து' என்று பல்லுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

நான் என்ன செய்தேன்? எழுத்தில் பார்த்ததை 'உது' என்று அழகாகப் பல்லில் நாக்கை வைத்துப் படித்து, ஒருநாள் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் மொழித் திறமையைக் காட்டினேன். ஸ்டோரே குலுங்கியது. "ஓகாவுக்குத் தோட்டம் வலிக்குதாம்!" ஒரு வாரம் போகிற வருகிறவனெல்லாம் என் தோட்டத்தைப் பற்றி விசாரித்தான்.

இனிப் பழக்கவழக்கம். எல்லாவற்றையும் பட்டியல் போட எனக்கு இஷ்டமில்லை, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். ஓலே சந்தையில் கோட்டும் டையும் போட்ட ஒரு ஆள் ஏசி காரிலிருந்து இறங்கி, காரி விற்கும் ஒரு கிழவி முன்னால் (காரி என்பது மரவள்ளியைத் துருவி, புளிக்கவைத்து, வறுத்த ரவை) முழங்காலை மடக்கி வணக்கம் சொன்னார். ஒப்புக்குக் குனிந்தது இல்லை, முழங்கால் மண்ணைத் தொட்டது. கிழவி எழுந்திரு என்று சொல்லும்வரை எழவில்லை. அப்புறம் எழுந்து, பேண்ட்டைத் தட்டிவிட்டு, விலையில் பேரம் பேசினார் என்பது வேறு கதை.

ஸ்டோர் கீப்பர் வீட்டில் சாப்பிட்டது ஸ்டார்ச்சும் பங்கா சூப்பும். சேலத்தில் ஜவ்வரிசி ஆகிறதே, அதே மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்து, பனை எண்ணெய் சேர்த்து, அடுப்பில் கைவிடாமல் கிளறுகிறார்கள். வெள்ளையாக இருந்தது பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாகி, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் உருண்டையாகத் திரண்டு நிற்கும். கிள்ளினால் அல்வா மாதிரி இழுபடும். பங்கா என்பது எண்ணெய்ப்பனைப் பழத்தை வேகவைத்து இடித்துப் பிழிந்த சாறு, அதில் மீனும் வாசனைச் சாமானும். ஸ்டார்ச்சைக் கிள்ளிக் கட்டைவிரலால் நடுவில் குழி பண்ணி, குழியில் சூப்பை மொண்டு வாய்க்குள் போட வேண்டும். களி தின்று வளர்ந்தவனுக்கு இதில் பயிற்சி தேவைப்படவில்லை. "இவன் பாதி இசோகோ" என்று வீட்டம்மா சான்றிதழ் கொடுத்தார். கையால் சாப்பிடாமல் ஸ்பூனில் சாப்பிட்ட என் வட இந்திய சக ஊழியருக்கு அது கிடைக்கவில்லை. (அவர் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியம்.)

கல்யாணத்தில் இன்னொரு ஆச்சரியம். மணப்பெண் இடுப்பில் கட்டியிருந்தது சரிகையும் எம்பிராய்டரியுமாகக் கனமான துணி. பெயர் கேட்டேன். "ஜார்ஜ்." எந்த ஜார்ஜ்? நம்ம செயின்ட் ஜார்ஜ் கோட்டைதான்! மெட்ராஸிலிருந்து கப்பலேறிப் போன கைத்தறித் துணிக்கு அந்தக் கரையில் நிலைத்த பெயர் அது. நைஜர் கழிமுகம் முழுக்க, இசோகோ, உர்ஹோபோ, இஜா என்று எல்லோருக்கும், ஜார்ஜ் இல்லாமல் பெரிய விசேஷம் நடக்காது. நான் மெட்ராஸ்காரன் என்று சொன்னேன். ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, நிறம் போகாத ஜார்ஜ் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். கோட்டையைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

சமயத்தில் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். அராயா என்ற ஊரில் 1914இல் வானத்திலிருந்து பைபிள் இறங்கியது என்று நம்புகிறார்கள். மழை பெய்தும் அது விழுந்த இடம் நனையவில்லை என்பது கதை. கண்டெடுத்த பெண்மணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இன்றைக்கு அது யாத்திரைத் தலம். அதே மக்களிடம் 'இவ்ரி' என்ற மரச்சிற்பமும் உண்டு. பல்லைக் காட்டும் மிருகத்தின் மேல் மனித உருவம். ஒரு மனிதனின் முரட்டுத்தனத்துக்கும் பிடிவாதத்துக்கும் தனியாக ஒரு பூஜையிடம். கோபத்துக்கே சிலை வைத்து அதற்குப் படையல் போட்டுச் சமாளிக்கிற யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஸ்டோர் கீப்பர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், அதைப் பற்றிப் பேச்செடுத்தால் பேச்சை மாற்றுவார்.

எண்ணெயைப் பற்றி நீட்ட மாட்டேன், அது தனிப் பதிவு. உசெரே என்ற இசோகோ ஊரில் 1950களின் கடைசியிலேயே எண்ணெய்க் கிணறு தோண்டிவிட்டார்கள். நைஜீரியாவின் ஆரம்பகாலக் கிணறுகளில் அவையும் அடக்கம். 2012இலும் 2022இலும் வெள்ளம் வந்தபோது அதே உசெரேக்காரர்கள் பள்ளிக்கூடங்களில் போய்ப் படுத்தார்கள். இதற்குமேல் சொன்னால் எனக்கு ரத்தக்கொதிப்பு.

இப்போது அந்த நண்பருக்கு. இசோகோ தனி மொழியா இல்லையா என்ற சண்டையில் நான் ஸ்டோர் கீப்பர் கட்சி. ஆனால் அவரிடமே சொன்ன ஒன்றை இங்கேயும் சொல்கிறேன்: உர்ஹோபோ உங்கள் மொழியைத் தின்னவில்லை, பிட்ஜின் தின்கிறது. ஓசோரோ கடைவீதியில் பிள்ளைகள் பேசுவது பிட்ஜின். அப்பா அம்மா தங்களுக்குள் இசோகோ, பிள்ளைகளிடம் இங்கிலீஷ். ஒரு பெருநகரத்தில் ஊர்ச்சங்கக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். 'நம் தாய்மொழியைக் காப்போம்' என்ற தீர்மானம் இங்கிலீஷில் வாசிக்கப்பட்டு, இங்கிலீஷில் வழிமொழியப்பட்டு, கைதட்டலோடு நிறைவேறியது. சிரிப்பு வந்தது. அப்புறம் நம்மூர் நினைவு வந்து சிரிப்பு நின்றது.

அரசாங்கம் மட்டும் என்ன? 2022இல் ஒரு தேசிய மொழிக் கொள்கை கொண்டுவந்தார்கள்: ஆரம்பப்பள்ளியின் ஆறு வருடமும் அந்தந்த வட்டாரத்துத் தாய்மொழியில் பாடம். இசோகோ மாதிரி மொழிக்கு அதற்குப் புத்தகம் வேண்டும், வாத்தியார் வேண்டும், காசு வேண்டும். அதெல்லாம் வந்துசேரும் முன்னமே, 2025 நவம்பரில் கொள்கையையே ரத்து செய்துவிட்டார்கள். தாய்மொழியில் படித்த பிள்ளைகள் பரீட்சையில் தேறவில்லை என்று அமைச்சர் காரணம் சொன்னார். நாற்று விட்ட மூணாம் நாளே நெல் எங்கே என்று கேட்டு வயலை மூடின கதை இது. பரீட்சையை எந்த மொழியில் வைத்தீர்கள் என்று யாரும் திருப்பிக் கேட்ட மாதிரி தெரியவில்லை.

"மூணு நாலு லட்சம் பேர் பேசுற மொழிக்கு இவ்வளவு எதுக்கு?" என்று கமெண்டில் கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே: பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் நெஞ்சையும் தோட்டத்தையும் பிரித்து வைத்திருக்கிற ஒரு ஏற்பாடு பல நூறு வருடம் எத்தனையோ வாய்களில் உருண்டு வந்தது. அதை ஒரு அமைச்சரின் பத்து நிமிடப் பேச்சில் தொலைக்கலாம் என்றால், பெரிய மொழிக்காரர்கள் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். எனக்கு அந்தப் பெருமை வரவில்லை.

போன மாதம் ஸ்டோர் கீப்பர் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். ஓய்வு பெற்று ஊரோடு இருக்கிறார். பேத்தி லாகோஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிறாளாம், பின்னால் குரல் கேட்டது. தாத்தாவோடு மரவள்ளி நடப் போகிறேன் என்று எனக்குச் சொல்லிக்காட்டச் சொன்னார். அவளும் சொன்னாள், கணீரென்று. இவர் போனை வாங்கி, கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார்:

"கேட்டீங்களா ஓகா? நீங்க நெஞ்சைத் தோட்டம் ஆக்கினீங்க. இவ தோட்டத்தை நெஞ்சாக்குறா. நாளைக்குக் காலையில நெஞ்சுல மரவள்ளி நடப் போறோமாம்."