ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு உலக முடிவுக்குப் போனவர்கள்

பாட்டுக் கேட்க வேண்டுமா, மட்டக்களப்பில் கல்லடிக் கடற்கரை இருக்கிறது. கோழி சுட வேண்டுமா, வீட்டு முற்றம் இருக்கிறது. விடிய விடியக் கத்த வேண்டுமா, கூட்டாளி ஒருவனுக்குக் கலியாணம் பேசி முடியுங்கள், முதல்நாள் இரவு போய் ஆசை தீரக் கத்தலாம். இதில் எதற்கும் 2,100 மீற்றர் மலையேறத் தேவையில்லை. பிறகு எதற்கடா என்னைக் கூட்டிக்கொண்டு, இல்லை, திருத்திச் சொல்கிறேன், நான்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு போனேன், எதற்கடா உலக முடிவு என்கிற பள்ளத்தைப் பார்க்க மலைநாட்டு ஹோர்ட்டன் சமவெளிக்கு வந்தீர்கள்?

போய் வந்து மூன்று கிழமை ஆகிறது. இன்னும் ஆறவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

எல்லாக் கூட்டத்திலும் என்னைப்போல ஒரு மடையன் இருப்பான். வேன் பேசுவது அவன். கூடாரம் வாடகைக்கு எடுப்பது அவன். முகாம் போடும் இடத்துக்கு முன்கூட்டியே பதிந்து காசு கட்டுவதும் அவன்தான். மற்றவர்களுக்கு ஒரே வேலை, வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவது. 14 கட்டைவிரல் விழுந்தது. புறப்படும் நாள் வேனுக்குள் இருந்தது எட்டுப் பேர். மிச்ச ஆறு பேருடைய பங்குக் காசை யார் கட்டினார்கள் என்று கேட்கிறீர்களா? கேட்காதீர்கள்.

மாசி மாதம். இரவில் குளிர் 5 பாகைக்கு இறங்கும், சில நாள் புல்லிலே வெள்ளையாகப் பனி உறைந்து கிடக்கும், தடித்த உடுப்பு கொண்டுவாருங்கள் என்று மூன்று தடவை எழுதினேன். ஒருவன் சாரத்தோடும் ரப்பர் செருப்போடும் வந்து ஏறினான். கேட்டதற்கு, "மச்சான், நுவரெலியாவுக்கே நான் டீசேட்டோட போய் வந்த ஆள்" என்றான். மட்டக்களப்பு வெயிலில் பிறந்த உடம்புக்கு இவ்வளவு திமிர் ஆகாது. அன்று இரவு எட்டு மணிக்கே அவன் பல் தட்டிய சத்தம் ஸ்பீக்கரை மீறிக் கேட்டது. என்னுடைய சுவெட்டரைக் கழற்றிக் கொடுத்தேன். பிறகு நான் நடுங்கினேன்.

விடியப்புறம் நான்கு மணிக்குப் புறப்படுவது திட்டம். ஏழேகாலுக்கு வேன் நகர்ந்தது. செங்கலடிச் சந்தியில் திரும்பிப் பதுளை வீதியில் ஏறினால் ஒரே வீதிதான், கரடியனாறு, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகும். மகாஓயாவில் சுடுதண்ணீர்க் கிணறு பார்க்க வேண்டும் என்று ஒருவன் அடம்பிடித்தான். சரி, பார்க்கட்டும். அங்கே ஒன்றரை மணித்தியாலம். பிபிலையில் தேத்தண்ணீர், பதுளையில் சோறு, வெலிமடை தாண்டும்போது பொழுது சாயப் பார்க்கிறது. நல்ல காலம், வாசலை மூட முதல் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உள்ளே போகக் கூடாது. தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் லேபலைக்கூடக் கிழித்து வாங்கிக்கொள்வார்கள். பிஸ்கட்டை உறையிலிருந்து எடுத்துக் கடதாசிப் பையில் போட்டுக்கொண்டு நாங்கள் நின்றபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், இந்த நாட்டில் ஒரு சட்டமாவது ஒழுங்காக நடக்கிறதே என்று. எங்கள் கூட்டத்தில் ஒருவனுக்கோ அது ஒரு விளையாட்டு. பதுளையில் கட்டிய மூன்று சோற்றுப் பார்சலைப் படுக்கைப் பைக்குள் சுருட்டி உள்ளே கொண்டுவந்துவிட்டான். அதுவும் லஞ்ச் சீற்றில், சோறு கட்டும் மெல்லிய பொலித்தீன் தாளில், சுற்றிய பார்சல். லஞ்ச் சீற்றை 2017 செப்டெம்பரிலேயே தடை செய்தாயிற்று. அது எங்கேயிருந்துதான் இன்னும் வருகிறதோ! உள்ளே வந்த பிறகு அவன் அதை விரித்துக் காட்டி, "பாத்தியா மச்சான் மூளைய" என்றான். பார்த்தேன்.

இனி அந்த ஸ்பீக்கர். கையடக்கமானது, அரை இறாத்தல் பாணளவு இருக்கும். அதன் இரண்டு பக்கமும் வட்டமாக நீல லைட், பாட்டின் அடிக்கு ஏற்றபடி விட்டுவிட்டு மின்னும். அதை ஒருவன் ஒரு கல்லின்மேல் வைத்தான். இருட்டில் அந்த நீலம் ஓடிப்போய்ப் புல்லில் விழுந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. சுற்றிவரப் பத்தனைப் புல்வெளி, அதற்கு அப்பால் குறண்டிப்போன மலைக்காடு, அந்தக் குட்டை மரங்களில் தாடிபோல் தொங்கும் பாசி, மேலே நான் கரடியனாற்று வயலில்கூடக் கண்டிராத அளவு நட்சத்திரம். இவன் அதற்கு நடுவில் நீல லைட்டும் குத்துப்பாட்டும் வைத்திருக்கிறான்.

நான் எதற்காக அங்கே போனேன் என்றால், சத்தமில்லாத ஒரு இரவு வேண்டும் என்றுதான். எங்கள் ஒழுங்கையில் ஒரு பக்கம் கோயில் குழாய், மறு பக்கம் பாண் வண்டி, நடுவில் ஓட்டோ. வருடத்தில் ஒரு இரவு தவளைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்தால் என்ன குறைந்துவிடும்? கேட்டேன். "காட்டுக்குள்ள பாட்டில்லாட்டி பயமா இருக்கும் மச்சான்" என்றான். முழு உண்மையையும் அவன் அந்த ஒரு வாயில் சொல்லிவிட்டான் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. இவர்களுக்குக் காடு பயம். அதனால் வீட்டையே தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

ஒன்பது மணிக்கு வனஜீவராசிகள் உத்தியோகத்தர் ஒருவர் டோர்ச்சோடு வந்தார். கோபப்படவில்லை, சத்தம் கூடாது என்று அமைதியாகச் சொன்னார். எட்டுப் பேரில் யாருடைய பெயரில் பதிவு இருந்ததோ அவன்தான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டான். நான்தான். அவர் போய்ப் பத்து நிமிடம் அமைதி. பிறகு மெல்ல, கூடாரத்துக்குள்ளே, போர்வைக்கு அடியில் வைத்துத் திரும்பவும் தொடங்கியது. இரண்டு மணி வரை.

நான்கரைக்கு ஏதோ சரசரப்பு. வெளியே தலையை நீட்டினால், ஐந்தடி தூரத்தில் ஒரு மரை, மானில் பெரிய இனம். பெண் மரை. மூக்கு நனைந்து பளபளக்கிறது, மூச்சு ஆவியாகப் போகிறது. அது எதையோ மென்றுகொண்டிருந்தது. டோர்ச்சை அடித்துப் பார்த்தேன், கடைவாயில் தொங்குவது லஞ்ச் சீற். சாப்பிட்டுவிட்டுக் கூடாரத்துக்குப் பின்னால் சுருட்டி எறிந்திருக்கிறார்கள். பருப்பு மணத்துக்கு அது வந்திருக்கிறது. நான் "ஏய்" என்று பாய்ந்து நுனியைப் பிடித்து இழுத்தேன். பாதி என் கையில் வந்தது. பாதியோடு மரை போய்விட்டது.

அந்தப் பாதியைப் பற்றி நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். காலையில் சொன்னபோது அவர்கள் சிரித்தார்கள். "மரைக்கும் எங்கட சாப்பாடு பிடிச்சிருக்கு."

சிரிப்பதற்கு முதல் அம்பாறைப் பக்கம் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பள்ளக்காட்டில் குப்பை மேட்டை மேய்ந்த யானைகள் வரிசையாகச் செத்தன. எட்டு வருடத்தில் 20 யானை அளவில் போய்விட்டது என்று 2022 தையில் உலகம் முழுக்கச் செய்தி வந்தது. வெட்டிப் பார்த்தால் வயிறு நிறையப் பொலித்தீனும் சாப்பாட்டு உறையும். யானைக்கே அந்தக் கதி என்றால் ஒரு மரைக்கு அரை லஞ்ச் சீற் என்ன செய்யும் என்று கணக்குப் போடப் பெரிய படிப்பு வேண்டாம்.

சரி, உலக முடிவுக்கு வருவோம். இதற்காகத்தானே இத்தனை பாடு. ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக இறங்கும் பள்ளம். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே கடல் தெரியும். ஆனால் அந்த இடத்துக்கு ஒரு நேரக்கட்டுப்பாடு உண்டு, ஒன்பது பத்து மணிக்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி எல்லாவற்றையும் அடைத்துவிடும். அதனால்தான் வெளியிலிருந்து வருபவர்கள்கூட விடியற்காலை ஆறு மணிக்கே வாசலில் வந்து நிற்கிறார்கள். உள்ளேயே முகாம் போட்டுப் படுத்திருந்த நாங்கள் எத்தனை மணிக்கு நடக்கத் தொடங்கினோம்? எட்டரைக்கு. இரண்டு மணிக்குப் படுத்தவனை ஐந்தரைக்கு எழுப்பிப் பாருங்கள், போர்வைக்குள்ளிருந்து கெட்ட வார்த்தைதான் வெளியே வரும். நான் நான்கு தரம் எழுப்பினேன். தனியே போயிருக்கலாம்தான். பதிவு என் பெயரில். இவர்களை அங்கே விட்டுவிட்டுப் போக மனம் துணியவில்லை.

போகும் வழியில் செருப்புக்காரனுக்கு வார் அறுந்தது. பத்தேகாலுக்குப் போய் நின்றோம். வெள்ளை. சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் நிற்பதுபோல் ஒரே வெள்ளை. பள்ளம் இல்லை, கடல் இல்லை, முன்னால் நிற்பவனின் முதுகுகூடச் சாம்பலாகத்தான் தெரிந்தது. இறங்கி வந்த ஒரு பள்ளிக்கூடக் கூட்டம், "ஏழு மணிக்குக் கண்ணாடி மாதிரி இருந்திச்சு அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனது. எங்கள் ஆள் அந்த வெள்ளைக்கு முன்னால் செல்பி எடுத்துவிட்டு, "இதுக்கா மச்சான் இவ்வளவு தூரம் கூட்டி வந்த? நம்மட வாவியிலயும் பனி வரும்தானே" என்றான்.

நான் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் அந்த 870 மீற்றரை அளந்து பார்க்க ஒருவனை அனுப்பியிருப்பேன்.

திரும்பும் வழியில் ஓடைக்குள் ஒரு ரொபி உறை மிதந்தது. எங்களுடையதோ வேறு யாருடையதோ. அந்தச் சமவெளியிலிருந்து இறங்கும் தண்ணீரில் ஒரு பங்கு மகாவலிக்குப் போகிறது. மகாவலியின் ஒரு கிளைதான் நம்முடைய வெருகல் ஆறு. இதை நான் வேனுக்குள் சொன்னேன். ஒருவன் ஸ்பீக்கரைக் கூட்டினான்.

ஹோர்ட்டன் சமவெளியில் மட்டும் நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். நம்முடைய குடும்பிமலை, தரவை வெளிக்கு அப்பால் தனியாகக் குடும்பி முடிந்ததுபோல் நிற்கிற மலை, சண்டைக் காலத்தில் யாரும் கிட்டப் போக முடியாமல் இருந்த இடம். கிரான் வழியாகப் போய் ஏறலாம் என்று ஆன பிறகு எங்கள் பெடியன்கள் செய்த முதல் காரியம், போத்தலைப் பாறையில் அடித்து உடைத்தது. போன வருடம் என் மருமகனுடைய காலில் நான்கு தையல். சின்னப் பிள்ளை, குரங்கு பார்க்க வந்தவன்.

என் அம்மம்மா ஏழு தரம் கதிர்காமத்துக்கு நடந்தவ. உகந்தையில் முருகனைக் கும்பிட்டு, ஆடி மாதம் காட்டு வாசல் திறந்ததும் குமணைக்குள் இறங்கி, கும்புக்கன் ஆற்று மணலில் படுத்து எழும்பி, யாலைக் காட்டையும் நடந்தே கடந்தவ. கூடாரமும் இல்லை, படுக்கைப் பையும் இல்லை. ஒரு சேலைப் பொட்டலம், அரிசி, கருவாடு, ஒரு சட்டி. இரவில் பேச்சைக்கூடக் குறைத்துக்கொள்வார்களாம். "காட்டுக்குள்ள யானை எண்டு சொல்லப்படாது மனே, பிள்ளையார் எண்டு சொல்லு" என்பா. அவவுக்கும் காடு பயம்தான். அந்தப் பயத்துக்கு அவ வாயை மூடிக்கொண்டா, இவர்கள் ஸ்பீக்கரைத் திறக்கிறார்கள். (பழையவர்கள் எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. நான் கடைசியாகப் பாதயாத்திரை போனபோது அந்த ஆற்றங்கரையிலும் தண்ணீர்ப் போத்தல் குவிந்துதான் கிடந்தது. அரோகரா சொல்லிக்கொண்டே எறிந்தவர்களும் உண்டு.)

நேற்று இரவு குழுவில் செய்தி விழுந்தது. "அடுத்தது நக்கிள்ஸ் மலை. ரெண்டு இரவு. மச்சான், நீதான் பிளான் போடணும், உன்னைப்போல யாராலயும் ஏலாது." கீழே வரிசையாகக் கட்டைவிரல். எண்ணிப் பார்த்தேன், 17. அதற்கும் கீழே ஒரு படம், புது ஸ்பீக்கர், பழையதைவிட இரண்டு மடங்கு பெரிது. மழையில் நனைந்தாலும் பழுதாகாதாம்.

போன தடவைக் கூடாரக் காசு மூன்று பேர் இன்னும் தரவில்லை. சுவெட்டரும் வரவில்லை.