கூட்டாதீங்க, கழிங்க

மளிகைச் சீட்டில் பொருளின் பேரை மட்டும் எழுதினால் போதாது. மேலே ஒரு எண் வேண்டும். கையில் 2000 ரூபாய் என்றால் கடைசிச் சைபரைத் தட்டிவிட்டு 200 என்று எழுதுங்கள். சேலம் லீ பஜாரில் ஒவ்வொரு பொருளும் பைக்குள் விழ விழ அதிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். 147 ரூபாய்க்கு 15, 62-க்கு 7, 31-க்கு 4. எப்போதும் அடுத்த பத்துக்குத் தூக்கிவிட வேண்டும், கீழே இறக்கக் கூடாது.

கூட்டிக்கொண்டு போனால் 1340 ஆச்சு என்றுதான் தெரியும். மீதி எவ்வளவு என்பதற்கு மறுபடி ஒரு கணக்கு. கழித்தால் 66, அதாவது 660 ரூபாய் என்று மீதியே கண்முன் நிற்கும், முந்திரிக்குக் கை நீளாது. அரிசி, பருப்பு, எண்ணெயை முதலில் முடித்துவிடுவது நல்லது.

பத்துக்குத் தூக்குவதில் பொருளுக்குச் சராசரியாக நாலரை ரூபாய் கூடுதலாகக் கழிகிறது. 20 பொருளுக்கு 90 ரூபாய். மறந்துபோன சீரகத்துக்கும் பஸ்ஸுக்கும் அது ஆகும். சூப்பர் மார்க்கெட்டில் இதை நம்பாதீர்கள். 99, 149 என்று 9-ல் முடிகிற விலையில் ஒரு ரூபாய்தான் மிஞ்சும்.

எடைக்கு வாங்குவதில், கிலோ விலையில் பத்தில் ஒரு பங்கு 100 கிராம் விலை. துவரம்பருப்பு கிலோ 160 என்றால் 100 கிராம் 16, முக்கால் கிலோ 120. இங்கே யாரும் தவறுவதில்லை. கணக்கு வழுக்குவது காய்கறியில்தான். "நூறு கிராம் கூட இருக்குதுங்க, இருக்கட்டுங்களா?" என்றால் தலை தானாக ஆடிவிடும். கிலோ 60 ரூபாய்க் காயில் அது 6 ரூபாய், ஏழு காய் வாங்கினால் 42. சூரமங்கலம் உழவர் சந்தையில் அன்றைய விலை பலகையில் இருக்கும், பேரத்துக்கு வேலையில்லை. ஆனால் எடை உங்கள் பொறுப்பு. அரைக்கிலோ கத்திரிக்காய் என்று கேட்காமல் "20 ரூபாய்க்குப் போடுங்க" என்று கேட்டுப் பாருங்கள்.

எண்ணெயில் இன்னொரு குழி. ஒரு லிட்டர் சுமார் 910 கிராம். பார்க்க அதே அளவில் 850 கிராம் பாக்கெட்டும் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் மில்லிக்கு விலை, மற்றதில் கிராமுக்கு விலை அச்சிட்டிருந்தால் இரண்டையும் நேரடியாக ஒப்பிடாதீர்கள். கிராம் விலையை 0.91-ஆல் பெருக்கினால்தான் மில்லி விலை.

காப்பித்தூளும் அப்படித்தான். ஏற்காட்டுக் கொட்டை கிலோ 700, சிக்கரி 200 என்று வைத்துக்கொள்வோம். 80க்கு 20 கலவை 600 வரும், 70க்கு 30 என்றால் 550. விகிதம் பாக்கெட்டிலேயே இருக்கிறது. அதைப் பார்க்காமல் 50 ரூபாய் மலிவு என்று எடுத்தால் வாங்கியது சிக்கரி.

எல்லாவற்றையும் மேலே தூக்கியே எழுதியிருப்பதால், பில் உங்கள் கணக்கைத் தாண்டவே கூடாது. தாண்டினால் நீங்கள் ஒன்றை எழுத மறந்திருக்கிறீர்கள், இல்லையென்றால் ஒரே பொருள் இரண்டு தடவை ஏறியிருக்கிறது, அதுவும் இல்லையென்றால் தட்டில் ஒட்டிய விலை வேறு, கணினியில் உள்ள விலை வேறு. பணம் கொடுக்கும் முன்பே பில்லின் அடியில் இருக்கும் பொருள் எண்ணிக்கையைப் பையோடு ஒத்துப் பாருங்கள்.