சி.என்.ஜி. கார்: மூன்று வருடத்தில் சிலிண்டரைத் தூக்கிப் போட வேண்டுமா?

"சி.என்.ஜி. கார் வாங்காதீர்கள். மூன்று வருடத்தில் சிலிண்டர் வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும், புதிதாக மாற்ற வேண்டும், எஞ்சினும் போய்விடும்" என்று சி.என்.ஜி. (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) கார்களைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

இந்தியாவில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் என்பது சோதனைதான், மாற்றுவது அல்ல. சிலிண்டரைக் கழற்றி, தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றுவார்கள். அது எவ்வளவு விரிகிறது, அழுத்தத்தை இறக்கியதும் பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். கேஸ் பங்க்கில் நிரப்புவது சுமார் 200 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு); சோதனை 300 பாருக்கும் மேல். தேறினால் தேதியைப் பொறித்து அதே சிலிண்டரைத் திரும்ப மாட்டலாம். சோதனைச் சான்று காலாவதியான வண்டிக்கு பங்க்காரர்கள் கேஸ் போட மறுத்தால் சண்டை போடாதீர்கள், அவர்கள் செய்வதுதான் சரி. உண்மையில் பயப்பட வேண்டியது சோதனையைத் தள்ளிப்போடுவதற்கும், அங்கீகாரமில்லாத இடத்தில் மாட்டிய மலிவு சி.என்.ஜி. கிட்டுக்கும்தான்.

எஞ்சின் விஷயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வாயு உலர்ந்த எரிபொருள் என்பதால் வால்வு சீட் (எஞ்சினில் வால்வு வந்து பொருந்தும் விளிம்பு) சீக்கிரம் தேயக்கூடும். வேகன் ஆர் போல, கம்பெனியிலேயே சி.என்.ஜி. பொருத்தி வரும் கார்களில் இதை மனத்தில் வைத்தே அந்தப் பகுதியை உறுதியாகச் செய்கிறார்கள். ஸ்பார்க் பிளக்கை மட்டும் தவணை தவறாமல் மாற்றுங்கள். அப்புறம், இந்தக் கார்கள் பெட்ரோலிலும் ஓடும்; அந்த பெட்ரோல் டேங்கை மாதக்கணக்கில் மறந்துவிடாதீர்கள். அவ்வப்போது சில கிலோமீட்டராவது பெட்ரோலில் ஓட்டுங்கள்.