பூச்சுக்குப் பணம் இருந்தது, நீருக்கு இல்லையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் வட்டாரத்துப் பொது நீச்சல் குளத்தை மாதக்கணக்கில் பூட்டிவைத்து, புதுப்பித்துவிட்டோம் என்று சொல்லித் திறந்திருக்கிறார்கள். பேத்தியை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து என் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. வாயிலில் புது இரும்புக் கதவு, சுவரெல்லாம் நீல வண்ணம், பெரிய பெயர்ப்பலகை. ஆனால் உடை மாற்றும் அறையில் ஒரு ஷவரிலும் தண்ணீர் வரவில்லை.

இதைச் சின்னக் குறை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். குளிக்காமல் இறங்குகிறவர்களின் வியர்வையும், குழந்தைகள் நீரிலேயே கழிக்கும் சிறுநீரும் குளோரினோடு வினைபுரிந்து குளோரமைன் என்ற பொருளாக மாறுகின்றன. கண்ணை எரியவைப்பதும், மூக்கைத் துளைக்கும் அந்த நெடியைக் கிளப்புவதும் அதுதான். நெடி அடித்தால் மருந்து நிறையப் போட்டிருக்கிறார்கள் என்று நம்மவர்கள் நிம்மதி அடைகிறார்கள். நல்ல நிலையில் பராமரிக்கப்படும் குளத்தில் அந்த நெடி அவ்வளவாக இருக்கவே கூடாது. எங்கள் குளத்திலோ வாயிலிலேயே அடித்தது. குளோரின் அளவையும், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும் எழுதிவைக்க வேண்டிய பலகை வெறுமையாகக் கிடந்தது.

அதைவிடக் கொடுமை, ஆழமான பக்கத்தில் அடித்தரையே தெரியவில்லை. அடியிலுள்ள வடிகால் மூடி மேலிருந்து தெளிவாகத் தெரியாவிட்டால் குளத்தை மூடிவிட வேண்டும் என்பது பாதுகாப்பின் பாலபாடம், ஏனென்றால் மூழ்கிக் கிடக்கும் பிள்ளையை உயிர்காப்பாளரால் பார்க்க முடியாது. வடிகட்டி பழையதுதான், அடிக்கடி நின்றுபோகிறது என்று அங்கிருந்த ஊழியரே சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. குளத்தின் உயிரான இயந்திரத்தை விட்டுவிட்டுச் சுவருக்குச் செலவு செய்ய ஒப்புதல் தந்தவர்கள்மேல்தான் கோபம்.

என் தலைமுறையில் பலருக்கு நீச்சல் தெரியாது. வெள்ளையரின் நிறவெறி ஆட்சி கொண்டுவந்த 1953ஆம் ஆண்டின் தனி வசதிச் சட்டம் குளத்தையும் கடற்கரையையும் நிறத்தால் பிரித்தது. பிரித்துக் கொடுப்பவை சமமாக இருக்க வேண்டியதில்லை என்றும் எழுதிவைத்தது. 1990இல் அச்சட்டம் நீக்கப்பட்டபோது எங்கள் நீந்தும் வயது கடந்துவிட்டது. பேரப்பிள்ளைகளாவது கற்கட்டும் என்றுதான் இந்தக் குளத்துக்காக இத்தனை காலம் காத்திருந்தோம்.

அன்று பேத்தியை நீரில் இறங்க விடவில்லை. கட்டணத்தைத் திருப்பிக் கேட்டால் அதற்கு விதியில்லை என்றார்கள். வடிகட்டி ஒழுங்காக ஓடி, அடித்தரை கண்ணுக்குத் தெரிந்து, அன்றன்றைய சோதனை அளவுகள் அந்தப் பலகையில் ஏறும்வரை யாரிடமும் ஒரு ராண்டுகூட வாங்காதீர்கள்.