முடிமேல் ஏன் இவ்வளவு கோபம்?

வெயில் ஏறத் தொடங்கினால் போதும், என் நாயைப் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே யோசனைதான். "ஐயோ பாவம், இவ்வளவு முடியா! மொட்டை அடிச்சு விடக் கூடாதா?" தெருவில் போகிறவர், லிஃப்டில் கூட வருகிறவர், போனில் போட்டோ பார்த்த சித்தி, ஒருத்தர் பாக்கியில்லை. கேட்கும்போது பார்க்கிற பார்வை இருக்கிறதே, ஏதோ நான் அதைக் கட்டிவைத்துச் சித்திரவதை செய்கிற மாதிரி.

ஹஸ்கி, சமோயெட், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரிட்ரீவர், பொமரேனியன், இதற்கெல்லாம் இரட்டை அடுக்கு முடி. தோலை ஒட்டிப் பஞ்சு பஞ்சாக அடிமுடி, அதற்கு மேலே நீளமாக, கொஞ்சம் முரடாக மேல்முடி. வெயில் நேராகத் தோலில் இறங்காமல் தடுப்பதே அந்த மேல்முடிதான். அதை ஒட்ட மழித்தால் தோல் வெந்துபோகும். சில நாய்களுக்கு மழித்த முடி மறுபடி ஒழுங்காக வளர்வதே இல்லை; திட்டுத்திட்டாக வழுக்கை நிற்கும், மாதக்கணக்கில். தோல் நோய்க்கோ ஆபரேஷனுக்கோ டாக்டர் எடுக்கச் சொன்னால் அது வேறு கதை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்பதற்காக எடுப்பதா?

நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது, முடியை வெட்டினால் காற்றுப் பட்டுக் குளிர்கிறது. நாய்க்கு வேர்ப்பது பாதத்தில் மட்டும், அதுவும் பேருக்குத்தான். நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் அது சூட்டை வெளியே தள்ளுகிறது. அதனால்தான் காற்றில் ஈரப்பதம் ஏறிய நாளில், வெயில் குறைவாக இருந்தாலும், அது அதிகமாகத் திணறுகிறது. வெறும் ஃபேனைப் போட்டுவிட்டால் சரியாகிவிடாது. வயிற்றையும் பாதங்களையும் நனைத்துவிட்டு ஃபேன் போட்டால் பலன் இருக்கும். முதுகில் மட்டும் தண்ணீரைத் தெளித்தால் மேல்முடியிலேயே வழிந்து போய்விடும். அப்படியே அடிமுடிவரை நனைந்தாலும் காயாமல் விட்டால் புண் வரும்.

உண்மையில் செய்ய வேண்டிய வேலை சீவுவது. கோடையில் உதிர்ந்த அடிமுடி வெளியே வராமல் உள்ளேயே அடைத்துக்கொண்டு காற்றை மறிக்கிறது. அதை உட்கார்ந்து சீவி எடுக்க வேண்டும். இன்னொரு நாயே செய்யலாம், அவ்வளவு வரும். (என் கறுப்பு பேன்ட் எல்லாம் எப்போதோ சாம்பல் நிறமாகிவிட்டது.) இதற்காகக் க்ரூமிங் கடைக்குக் கொண்டுபோனேன். "மழிக்காதீங்க, சீவி மட்டும் விடுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பையன் மிஷினை ஆன் பண்ணிவிட்டான். ஏனப்பா என்றால், "எல்லாரும் சம்மர் கட்தான் கேப்பாங்க சார்." சீவினால் நேரம் ஆகும், மழித்தால் சட்டென்று முடிந்துவிடும் என்று நேரடியாகச் சொல்லியிருக்கலாம்.

இதைவிட எரிச்சல் என்ன தெரியுமா? மொட்டை அடிக்கச் சொல்லும் இதே ஆட்கள்தான் மதிய வெயிலில் தங்கள் நாயைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். புறங்கையை ரோட்டில் வைத்துப் பாருங்கள் ஐயா. ஐந்து நொடி உங்களால் வைத்திருக்க முடியவில்லை என்றால் அதன் பாதம் மட்டும் என்ன இரும்பா? நாயின் உடம்புச் சூடு இயல்பாகவே 38, 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. இடையில் அதிக தூரமில்லை. ஈறு ரத்தச் சிவப்பாகி, எச்சில் கெட்டியாக ஒழுகி, நடை தள்ளாடினால், அங்கேயே தண்ணீரை ஊற்றிக் குளிரவைத்துக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும். ஈரத்துண்டைப் போர்த்தி உட்காரவைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

போன வாரம் ஒருவர் காரில் நாயை விட்டுவிட்டுப் போயிருந்தார். கண்ணாடி இரண்டு விரல் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி வரை ஏறிவிடும், அந்த இடுக்கு எந்த மூலைக்கு? திரும்பி வந்தவரிடம் சொன்னேன். அவர் என் நாயையும் தன் நாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நம்மளுதுக்கு முடி கம்மிதாங்க" என்றார்.