ஃபெயில்ஓவர் முடிவை யார் எடுப்பது?

புரொடக்‌ஷன் தரவுத்தளம் எந்நேரமும் இயங்க வேண்டும் என்ற பேச்சு வந்தாலே எத்தனை ரெப்ளிகா (தரவின் நகலைத் தொடர்ந்து வாங்கி வைக்கும் சர்வர்), எந்த கிளவுட், எந்தக் கருவி என்ற கேள்விகள்தான் முதலில் எழுகின்றன. புதிய தரவை ஏற்கும் முதன்மை சர்வரான பிரைமரி விழுந்தால் எந்த ரெப்ளிகாவை அதன் இடத்துக்கு உயர்த்துவது (இதுவே ஃபெயில்ஓவர்), அந்த முடிவை மென்பொருள் எடுப்பதா மனிதர் எடுப்பதா, அப்போது எத்தனை நொடித் தரவை இழக்க நிறுவனம் சம்மதிக்கிறது என்று நிர்வாகத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்திருக்கும் குழுக்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்தப் பதில் கையில் இல்லாமல் கருவியைத் தேர்ந்தெடுப்பது தவறான வரிசை என்று உறுதியாக நம்புகிறேன்.

2018 அக்டோபர் 21 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் நடந்ததைத் தரவுத்தளப் பணியில் இருக்கும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். பழுதடைந்து வந்த 100 ஜி ஆப்டிகல் கருவி ஒன்றை மாற்றும் வழக்கமான பராமரிப்பின்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருந்த அவர்களுடைய நெட்வொர்க் மையத்துக்கும் முதன்மை டேட்டா சென்டருக்கும் இடையிலான இணைப்பு 43 நொடிகள் அறுந்தது. மைஎஸ்கியூஎல் தரவுத்தள சர்வர்களின் தொகுப்புகளான கிளஸ்டர்களைக் கண்காணித்து ஃபெயில்ஓவர் செய்யும் ஆர்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருள், தொடர்பில் மிச்சமிருந்த தன் கணுக்களின் வாக்குகளைக் கொண்டு பெரும்பான்மையை உறுதிசெய்து, மேற்குக் கரையில் இருந்த சர்வர்களைப் பிரைமரியாக உயர்த்திவிட்டது. அதற்கு இடப்பட்ட கட்டளைப்படி பார்த்தால் அது செய்தது சரிதான். ஆனால் இணைப்பு அறுந்த அந்தச் சில நொடிகளில் கிழக்கில் எழுதப்பட்ட தரவுப் பதிவுகள் மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கிலோ அதற்குள் புதிய பதிவுகள் குவியத் தொடங்கிவிட்டன. இரு கரைகளிலும் மற்றதில் இல்லாத தரவு இருந்ததால், பிரைமரியைக் கிழக்குக்கே உடனடியாகத் திருப்பிவிட வழியில்லாமல் போயிற்று. மிகவும் பரபரப்பான கிளஸ்டர்களில் ஒன்றில் இப்படி விடுபட்டு நின்ற பதிவுகள் 954. பல டெராபைட் பேக்கப்பைத் தொலைவிலிருந்து இறக்கி, ரெப்ளிகாக்களை மீண்டும் ஒத்திசைத்து முடிக்கும்வரை, 24 மணி நேரம் 11 நிமிடம் சேவை குறைபாட்டோடு நடந்தது.

வேகத்தைவிடத் தரவின் ஒருமையே முக்கியம் என்று அன்று அவர்கள் முடிவெடுத்ததை நான் மனதார மதிக்கிறேன். பிறகு அவர்கள் செய்த திருத்தங்களில் ஒன்று, ஒரு பிராந்தியத்தில் இருக்கும் பிரைமரியை இன்னொரு பிராந்தியத்துக்குத் தானாக மாற்றக் கூடாது என்று ஆர்கெஸ்ட்ரேட்டரைக் கட்டுப்படுத்தியது. நிமிடக் கணக்கில் காத்திருந்தால் முடிந்திருக்கக்கூடிய ஒரு தடையை, தானியங்கி ஃபெயில்ஓவர் ஒரு நாள் பிரச்சினையாக்கியது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அப்படியானால், ரெப்ளிகாவும் பெற்றுக்கொண்ட பிறகே ஒரு பதிவை முடிந்ததாகக் கொள்ளும் சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷன் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். தரவு இழப்பை அது தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கும் விலை உண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒரே ஒரு சிங்க்ரனஸ் ஸ்டாண்ட்பையை (பிரைமரியின் இடத்தை ஏற்கத் தயாராக இருக்கும் ரெப்ளிகாவை) மட்டும் குறிப்பிட்டிருந்தால், அந்த ஸ்டாண்ட்பை விழுந்த கணத்திலிருந்து பிரைமரியின் கமிட்கள் (மாற்றங்களை உறுதிசெய்யும் கட்டளைகள்) எல்லாம் பதில் வராமல் காத்து நிற்கும். சேவை நிற்காமல் இருக்கச் சேர்த்த இரண்டாவது சர்வரே சேவையை நிறுத்தும் காரணமாகிவிடும். இரண்டு ஸ்டாண்ட்பைகளை வைத்து, அவற்றில் ஏதேனும் ஒன்று ஒப்புக்கொண்டால் போதும் என்று அமைக்கும் வசதி போஸ்ட்கிரெஸ் 10 முதல் இருக்கிறது. பணம் தொடர்பான தரவு என்றால் அதற்குக் குறைவான அமைப்பை நான் ஏற்க மாட்டேன்.

போஸ்ட்கிரெஸுக்குத் தானியங்கி ஃபெயில்ஓவர் செய்யும் பெட்ரோனி போன்ற கருவி இருக்கும் இடத்திலும் வாக்குக் கணக்கைக் கவனிக்க வேண்டும். இரண்டே டேட்டா சென்டர்களில் யார் பிரைமரி என்பதை வாக்குகளால் பதிவுசெய்து வைக்கும் எட்சிடி மென்பொருளின் மூன்று கணுக்களை வைத்தால், இரண்டு கணுக்கள் இருக்கும் பக்கம் மின்சாரம் போனதும் மறுபக்கத்துக்குப் பெரும்பான்மை கிடையாது. அங்கே ரெப்ளிகா நல்ல நிலையில் இருந்தாலும் அது தானாகப் பிரைமரி ஆகாது. வாக்களிக்க மட்டுமாவது மூன்றாவது ஓர் இடம் வேண்டும். அதோடு, பெட்ரோனியில் தலைமைக்கான பூட்டின் (பிரைமரி தன் இடத்தை அவ்வப்போது புதுப்பித்துத் தக்கவைக்கும் உரிமையின்) இயல்பான காலம் 30 நொடி. அது மிக அதிகம் என்று வெகுவாகக் குறைக்கச் சொல்பவர்கள், டிஸ்க் சற்றுத் தாமதித்தாலோ நெட்வொர்க் சிறிது தடுமாறினாலோ தேவையற்ற ஃபெயில்ஓவர்களை வரவழைத்துக்கொள்கிறார்கள்.

ரெப்ளிகாவைப் பேக்கப்பாக எண்ணும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரைமரியில் தவறாக ஓடிய ஒரு டெலிட் அடுத்த நொடியே ரெப்ளிகாவிலும் ஓடிவிடும். 2017 ஜனவரி 31 அன்று கிட்ஹப்பைப் போன்ற சேவை தரும் கிட்லாப் நிறுவனத்தில் ஸ்டாண்ட்பையில் அழிக்க நினைத்த டைரக்டரி பிரைமரியில் அழிக்கப்பட்டபோது, பேக்கப் எடுக்கும் கட்டளை பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டிருந்ததும், அதைச் சொல்லும் எச்சரிக்கை மின்னஞ்சல்கள் சென்று சேராததும் அன்றுதான் தெரியவந்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாகக் கையால் எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் அவர்களைக் காப்பாற்றியது. இதை அவர்கள் மறைக்காமல் வெளியிட்டது நம் எல்லோருக்கும் செய்த உதவி.

ஆண்டுக்கு 99.99 சதவீத நேரம் சேவை இயங்கும் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், சேவை நிற்கக் கையில் இருப்பது ஏறத்தாழ 52 நிமிடங்கள். அதில் சில நிமிடங்களைத் பிரைமரியைத் திட்டமிட்டு இன்னொரு சர்வருக்கு மாற்றிப் பார்க்கும் ஸ்விட்ச்ஓவர் ஒத்திகைக்கு ஒதுக்குங்கள் என்று நான் கேட்கும்போதெல்லாம் நிர்வாகத் தரப்பு தயங்குகிறது. ஒத்திகை நடத்தினால்தான், கனெக்‌ஷன் பூல் (தரவுத்தள இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்கும் பகுதி) பழைய பிரைமரியின் முகவரியையே பிடித்துக்கொண்டிருப்பதும், ஏதோ ஒரு ரிப்போர்ட் ஸ்கிரிப்டில் ஐபி நேரடியாக எழுதப்பட்டிருப்பதும் வெளியே வரும். குழு முழுவதும் இருக்கையில் இருக்கும் ஒரு வேலை நாள் காலையில், வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது இதைச் செய்ய அனுமதி தரும் வரியை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை.